சொல் தெரிந்தும் பொருள் தங்காதது ஏன்?

அயல்மொழி வாசிப்பு பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம் என்று வெவ்வேறு மொழிகளைக் கற்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை கேள்விகள் வந்துள்ளன. மொழிகள் வேறானாலும் அவர்கள் சொல்லும் குறை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. மற்றவை அதைத் தொட்டே செல்கின்றன.

கேள்வி: பொறியியல் முடித்துவிட்டு, வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். வாசிப்புப் பகுதியில் வரும் சொற்களில் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்தவையே. ஆனாலும் ஒரு கட்டுரையைப் படித்து முடித்தபின் என்ன சொன்னார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டால், நாலைந்து உதிரிச் செய்திகள்தான் நினைவில் நிற்கின்றன. பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்விகளில் தொடர்ந்து தவறுகிறேன். இன்னும் சொல்வளம் சேர்க்க வேண்டுமா?
– மாணவர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: சொல்வளம் எந்நாளும் வீண்போகாது, ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள குறை சொற்பஞ்சத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பூக்கள் கையில் இருக்கின்றன, அவற்றைக் கோத்த நார் கைநழுவிவிட்டது. ஒரு கட்டுரையில் செய்திகள் இருக்கின்றன. அச்செய்திகளை எழுதியவர் எந்த உறவில் அடுக்கியிருக்கிறார் என்பதும் இருக்கிறது. காரணத்தைச் சொல்லி விளைவுக்கு வருகிறாரா, சிக்கலைச் சொல்லித் தீர்வுக்கு வருகிறாரா, இரண்டை எதிரெதிரே நிறுத்துகிறாரா, அல்லது ஒரு பொருளின் பல கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்துக்கொண்டு போகிறாரா என்பதையே உரையின் அமைப்பு என்கிறோம். தாய்மொழியில் படிக்கும்போது இந்த அமைப்பு நம் முயற்சி இல்லாமலே பிடிபட்டுவிடுகிறது. அயல்மொழியிலோ கவனம் முழுவதும் சொல்லிலும் இலக்கணத்திலும் செலவாகிவிடுவதால், அமைப்பைப் பார்க்க மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நடு ஆசியாவின் ஏரல் கடலைப் பற்றிச் சில செய்திகள் நம்மிடம் உள்ளன. ஒரு காலத்தில் அது பரப்பளவில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. 1960களிலிருந்து சோவியத் அரசு அமு தரியா, சிர் தரியா ஆகிய இரண்டு ஆறுகளின் நீரையும் பெருமளவில் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி சுருங்கியது, உப்பு ஏறியது, மீன்பிடித் தொழில் அழிந்தது, துறைமுகமாக இருந்த ஊர்கள் கரையை விட்டு வெகுதூரம் தள்ளிப் போயின. 2005ஆம் ஆண்டு கசகஸ்தான் பக்கத்தில் கோக்-அரால் அணை கட்டி முடிக்கப்பட்டபின் வடபகுதியில் நீர்மட்டம் உயர்ந்து மீன்கள் திரும்பின. தென்பகுதியின் பெரும்பரப்பு வறண்டே போனது.

இதே செய்திகளைக் கொண்டு நான்கு பேர் நான்கு கட்டுரைகள் எழுதலாம். முதலாமவர் ஏரியின் பரப்பு, ஆறுகள், கரையோர ஊர்கள், அணை என்று வரிசையாக விவரித்துச் செல்வார். இரண்டாமவர் ஆற்றைத் திருப்பியதால் ஏரி சுருங்கியது, சுருங்கியதால் உப்பு ஏறியது, உப்பு ஏறியதால் மீன் அழிந்தது என்று சங்கிலியாகக் கோப்பார். மூன்றாமவர் வற்றிய ஏரியைச் சிக்கலாகவும் அணையைத் தீர்வாகவும் வைப்பார். நான்காமவர் மீண்ட வடக்கையும் மீளாத தெற்கையும் அருகருகே நிறுத்துவார். சொற்கள் ஏறத்தாழ அவையே. ஆனால் 2005 என்ற ஆண்டு முதல் கட்டுரையில் பத்தோடு பதினொன்று. இரண்டாவதில் அது இல்லாவிட்டாலும் கட்டுரை நிற்கும். மூன்றாவதில் எல்லாமே அதை நோக்கி வருகிறது. நான்காவதில் இரண்டு பாதிகளின் விதி பிரிந்த இடம் அது. எந்தச் செய்தி தூண், எந்தச் செய்தி அலங்காரம் என்பதை அமைப்புதான் முடிவு செய்கிறது. அதைக் காணாதவர் தூணையும் அலங்காரத்தையும் ஒரே எடையில் சுமக்கிறார். சுமை தாங்காமல் கையில் அகப்பட்ட நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கீழே போட்டுவிடுகிறார். உங்களுக்கு நேர்வது இதுவே என்று நினைக்கிறேன்.

இது ஆய்வில் கண்டறியப்பட்ட செய்தியும்கூட. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பானி மேயர், உரையின் அமைப்பு நினைவாற்றலை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றிய தம் ஆய்வை 1975இல் வெளியிட்டார். பின்னர் அவரும் ராய் ஃப்ரீடிலும் ஒரே உள்ளடக்கத்தை மேற்சொன்ன நான்கு வகைகளில் அமைத்துப் பார்த்து, 1984இல் முடிவுகளை எழுதினார்கள். ஒப்பீடாகவும் காரண-விளைவாகவும் அமைந்தவை நன்றாக நினைவில் நின்றன. வெறும் விவரணைத் தொகுப்பு பின்தங்கியது. அதே ஆண்டில் பட்ரீசியா கேரல் என்ற மொழியியலாளர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் இடைநிலை மாணவர்கள் 80 பேரிடம் இதே சோதனையை நடத்தினார். ஸ்பானியம், அரபு முதலிய பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்களில் இருந்தனர். எந்த அமைப்பு மிக எளிது என்பதில் மொழிக்குழுக்களுக்கிடையே வேறுபாடு இருந்தது. ஆனால் பொதுவாக இறுக்கமான அமைப்புகள் முந்தின, தளர்வான விவரணைத் தொகுப்பு பிந்தியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர் கண்ட இன்னொன்று: படித்ததைத் திரும்ப எழுதும்போது மூல ஆசிரியரின் அமைப்பையே பின்பற்றி எழுதியவர்கள் அதிகச் செய்திகளை நினைவுகூர்ந்தார்கள், ஆனால் அப்படி எழுதியவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு அந்த அமைப்பு கண்ணில் படவே இல்லை.

இனி உங்கள் தேர்வுக்கு வருகிறேன். 60 நிமிடங்களில் மூன்று கட்டுரைகளையும் 40 கேள்விகளையும் முடிக்க வேண்டும் என்பதால், மாணவர்கள் முதல் வரியிலிருந்தே சொல்சொல்லாக ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். தலைப்புப் பொருத்தும் கேள்வியில் பத்திகளின் எண்ணிக்கையைவிடத் தலைப்புகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். பொருந்தாத தலைப்புகள் பெரும்பாலும் பத்தியில் வரும் ஏதோ ஒரு சொல்லைத் தாங்கியே நிற்கும். உதிரிச் செய்தியை மட்டும் பிடித்தவர் அந்த வலையில் விழுவார். ஆகவே பயிற்சியின்போது ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால், அது என்ன செய்கிறது என்பதைத் தமிழிலேயே ஒரு சொல்லில் குறித்துப் பாருங்கள்: காரணம் காட்டுகிறது, மறுக்கிறது, சான்று தருகிறது, விதிவிலக்குச் சொல்கிறது. பத்துக் கட்டுரைகளுக்கு இதைச் செய்தால் கண் பழகிவிடும். பயிற்சி மையங்களில் பத்தியின் முதல் வரியைப் படித்தால் போதும் என்று சொல்லித் தருவதை நான் முழுமையாக ஏற்கவில்லை. முதல் வரியில் பிறர் கருத்தைச் சொல்லி, மூன்றாம் வரியில் 'ஆயினும்' என்று திரும்பி, அதன்பிறகே தம் கருத்தைச் சொல்லும் பத்திகள் ஆங்கிலத்தில் ஏராளம். அந்தத் திருப்பச் சொல்லைத் தவறவிட்டால், ஆசிரியர் மறுக்கும் கருத்தையே அவருடைய கருத்தாக எழுதிவிட்டு வருவோம்.

கேள்வி: ஜெர்மனியில் செவிலியர் பணிக்காக ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன். பி1 முடித்து இப்போது பி2 நிலையில் இருக்கிறேன். வாக்கியங்கள் மிக நீளமாக இருப்பதால் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே எதைப் படித்துப் பழகலாம்?
– செவிலியர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: வாக்கிய நீளத்தைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியின் சார்பு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத் தாய்மொழியினருக்கு அது பெருந்தொல்லை, தமிழருக்கோ அது பிறந்த வீட்டுப் பழக்கம். நமக்கு இடறுவது வேறோர் இடத்தில். 'மழை பெய்தாலும் போட்டி நடந்தது' என்னும்போது, முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் உள்ள முரணைக் காட்டும் 'ஆலும்' என்ற உருபு முன்பகுதியின் கடைசியில், வினையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜெர்மனில் அதே வேலையைச் செய்யும் 'ஓப்வோல்' என்ற சொல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். காரணம் காட்டும் 'வைல்' என்ற சொல்லும் அப்படியே. உறவைக் காட்டும் குறி வாக்கியக் கடைசியில் கிடைக்கும் என்று பழகிய கண், முதலில் வரும் சிறுசொல்லைத் தாண்டிப் போய்விடுவதை என் மாணவர்களிடம் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சிறுசொற்களை வட்டமிட்டுக்கொண்டு படியுங்கள். குறிப்பாக 'ட்ஸ்வார்' என்று ஒன்று வந்தால், சற்றுத் தொலைவில் 'ஆபர்' என்று ஒன்று வரப்போகிறது என்று எதிர்பாருங்கள். 'உண்மைதான், ஆனால்' என்று நாம் சொல்வதைப் போன்ற இணை அது. முதல் பாதியில் ஆசிரியர் ஒப்புக்கொள்வதைவிட இரண்டாம் பாதியில் சொல்வதே அவருக்கு முக்கியம்.

படிப்பதற்கு உங்கள் தொழிலிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன்: மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தகவல் தாள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்தத் தாள் எந்த மொழியில் இருந்தாலும் ஆறு பிரிவுகளாக ஒரே வரிசையில் அமைந்திருக்கும். மருந்து என்ன, எதற்குப் பயன்படுகிறது என்பது முதற்பிரிவு; உட்கொள்ளும் முன் அறிய வேண்டியவை இரண்டாவது; உட்கொள்ளும் முறை மூன்றாவது; பக்கவிளைவுகள் நான்காவது; பாதுகாத்து வைக்கும் முறை ஐந்தாவது; பொதியில் உள்ளவை, உற்பத்தியாளர் முதலிய பிற தகவல்கள் ஆறாவது. பாராசிட்டமால் போன்ற, நீங்கள் நன்கறிந்த ஒரு மருந்தின் ஆங்கிலத் தாளையும் ஜெர்மன் தாளையும் அருகருகே வையுங்கள். உள்ளடக்கமும் தெரியும், அமைப்பும் தெரியும். எஞ்சியது மொழி மட்டுமே. நான்காம் பிரிவில் வரும் அறிமுகமற்ற ஒரு சொல் நோயின் பெயராகவோ அறிகுறியின் பெயராகவோதான் இருக்கும் என்று அகராதியைத் திறக்காமலே ஊகித்துவிடுவீர்கள். வார்டில் நாளை உங்களுக்கு உதவப்போவதும் இதே சொற்கள்தாம்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன்; ஜப்பானிய மொழியில் என்2 நிலைக்குப் படித்து வருகிறேன். ஜப்பானிய இலக்கணம் தமிழைப் போலவே இருப்பதால் வாக்கியங்கள் சிரமமாக இல்லை. ஆனால் நாளிதழ்க் கட்டுரைகளைப் படித்தால், எல்லா வாக்கியமும் புரிந்தபிறகும் எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பது புரிவதில்லை. நடுவில் சம்பந்தமில்லாத எதையோ பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: நடுவில் வரும் அந்தச் 'சம்பந்தமில்லாத' பகுதிக்கு ஒரு பெயரே இருக்கிறது. 'கி-ஷோ-தென்-கெத்சு' என்பது சீனத்து நான்கடிக் கவிதை மரபிலிருந்து ஜப்பானுக்கு வந்த ஓர் அமைப்பு. 'கி' பேச்சைத் தொடங்குகிறது, 'ஷோ' அதை வளர்க்கிறது, 'தென்' திடீரென்று வேறு பக்கம் திரும்புகிறது, 'கெத்சு' எல்லாவற்றையும் முடிக்கிறது. மூன்றாம் கட்டத்தில் நீங்கள் திகைப்பதற்குக் காரணம், ஆங்கிலக் கட்டுரையைப் படித்துப் பழகிய எதிர்பார்ப்போடு அங்கே போய் நிற்பது. கருத்தை முதலில் அறிவித்து, பிறகு அதற்குச் சான்று அடுக்கும் ஒழுங்கை நாம் பள்ளியிலேயே பழகிவிட்டோம். ஜான் ஹைண்ட்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களில் அசாஹி ஷிம்புன் நாளிதழின் புகழ்பெற்ற முதற்பக்கச் சிறு கட்டுரைத் தொடரான 'தென்செய் ஜிங்கோ'வை எடுத்து இந்த அமைப்பை விளக்கினார். ஆங்கிலத்தில் பொருளைத் தெளிவாக்கும் பொறுப்பு எழுதுபவரைச் சேர்ந்தது என்றும், ஜப்பானியத்தில் அதில் பெரும்பங்கு படிப்பவரைச் சேர்ந்தது என்றும் அவர் சொன்னார். ஆகவே திருப்பம் வரும்போது எதையோ தவறவிட்டோம் என்று எண்ணிப் பின்னோக்கிப் போகாதீர்கள். கடைசிப் பத்திவரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்து, அந்தத் திருப்பம் எதற்கு வந்தது என்று கேளுங்கள்.

இத்துடன் ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு சிந்தனை வடிவம் உண்டு என்ற பேச்சு கேட்பதற்கு இனிமையானது. அளவுக்கு மீறினால் ஏமாற்றும். ராபர்ட் காப்லன் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐந்து படங்கள் வரைந்து, ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கீழையோருக்குச் சுருள் என்றெல்லாம் காட்டினார். அயல்நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை வைத்து அவர்களுடைய தாய்மொழியின் போக்கை எப்படித் தீர்மானிக்கலாம் என்று பலர் கேட்டார்கள். பின்னாளில் காப்லனே தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். (அந்த ஐந்து படங்களில் தமிழுக்கென்று ஒன்றும் இல்லை, நாம் தப்பித்தோம்.) ஜப்பானியர் எழுதும் எல்லாவற்றிலும் 'தென்' வரும் என்று நம்பிவிடாதீர்கள். அலுவலக அறிக்கையும் அறிவியல் ஆய்வுரையும் அங்கேயும் நேராகவே செல்கின்றன. மொழியைவிட எழுத்தின் வகையே அமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். நாளிதழின் செய்தியை ஒரு விதமாகவும் அதன் முதற்பக்கச் சிறு கட்டுரையை வேறு விதமாகவும் படிக்கப் பழகுவது உங்களுக்கு உதவும்.

கேள்வி: வயதான காலத்தில் பேரப்பிள்ளைகளோடு பேசுவதற்காக ஆங்கிலம் படிக்கிறேன். கதைகள் ஓரளவு புரிகின்றன; கட்டுரைகள் புரிவதில்லை. ஏன்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: கதையின் எலும்புக்கூடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அம்மா. ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு தேவை வரும், ஒரு தடை வரும், முயல்வார், ஒரு முடிவு வரும். சிறுவயதில் கேட்ட கதைகளிலிருந்து அந்த வரிசை உங்கள் மனத்தில் ஊறியிருப்பதால், தெரியாத சொற்களின் இடத்தை அது நிரப்பிவிடுகிறது. கட்டுரைக்கு அப்படி ஒரே எலும்புக்கூடு இல்லை.

ஆனால் கதையிலும் இந்த உதவி நமக்குப் பழகிய வகைக்குத்தான் கிடைக்கும். ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், வடஅமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை கேம்பிரிட்ஜில் ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, மீண்டும் மீண்டும் சொல்லச் சொன்னார். 1932இல் வெளியான அவருடைய நூலில் அந்தக் கதை என்ன பாடுபட்டது என்று பார்க்கலாம்: தோணி படகாயிற்று, கடல்நாய் (சீல்) வேட்டை மீன்பிடிப்பாயிற்று, விளங்காத ஆவிகள் காணாமல் போயின. கதை அவர்கள் அறிந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. 1978இல் கின்ச், கிரீன் என்ற இருவர் கண்டதும் இதையொத்ததே; அமெரிக்க மாணவர்கள் கிரிம் சகோதரர்களின் கதையை நன்றாகத் திரும்பச் சொன்னார்கள், அப்பாச்சி பழங்குடியினரின் கதையில் தடுமாறினார்கள்.

அமைப்பு தெரிந்தும் உலகம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1979இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் கொடுத்தார்கள். அவரவர் தத்தம் நாட்டுத் திருமணத்தை விரைவாகப் படித்து, அதிகம் நினைவுகூர்ந்தார்கள். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் திருமண ஆடையை அணிந்திருந்தாள். அங்கே அது பெருமைக்குரியது. படித்த இந்தியர் ஒருவரோ, பெண் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், உடைதான் பழசு, காலத்துக்கு ஒவ்வாதது என்று திரும்ப எழுதினார். நம் வீட்டில் பாட்டியின் கூறைப்புடவையை மணமேடையில் கட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, அதையே அவரும் சொன்னார்.

கட்டுரை பழக, நீங்கள் நன்கறிந்த பொருளில் தொடங்குங்கள். சமையல் குறிப்பு, தோட்டக் குறிப்பு போன்றவை வரிசை முறையில் அமைந்திருப்பதால் ஏறக்குறையக் கதையைப் போலவே செல்லும்.

கேள்வி: நான் ஆங்கில ஆசிரியை. உரையின் அமைப்பைத் தனியாகக் கற்பிப்பதால் பயன் உண்டா? கற்பிப்பதானால் எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?
– ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்: பயன் உண்டு, ஆனால் ஒரு வாசலைத் தாண்டிய பிறகு. முதலில் நல்ல செய்தி. முன்னர் குறிப்பிட்ட கேரல், 1985இல் மாணவர்கள் 25 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு ஒரு வாரம் உரை அமைப்புகளை இனம்காணவும், அவற்றைப் பின்பற்றித் திரும்ப எழுதவும் கற்பித்தார். மற்றொரு பிரிவினர் அதே உரைகளை வைத்து வேறு பயிற்சிகள் செய்தனர். அமைப்பைக் கற்றவர்கள் படித்ததில் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். மூன்று வாரங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் நீடித்தது. 25 பேர் என்பது சிறிய தொகை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இருந்தாலும் ஒரு வார உழைப்புக்கு அது நல்ல பலன்.

இனி அந்த வாசலைப் பற்றி. மார்க் கிளார்க் என்பவர் 1980இல், ஸ்பானிய மொழியில் திறமையாக வாசிப்பவர்கள் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தத் திறமை பெருமளவு செயலிழந்துவிடுவதைக் காட்டினார். மொழியறிவு ஒரு மட்டத்துக்குக் கீழே இருந்தால், தாய்மொழியில் கைவந்த வாசிப்பு உத்திகள் அயல்மொழிக்குக் கடந்து வருவதில்லை. சொல்லறிவு பற்றிய ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. படிக்கும் உரையில் 95 விழுக்காட்டுச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று 1989இல் பாட்யா லாஃபர் எழுதினார். தடையின்றிப் படிக்க 98 விழுக்காடு தேவை என்று 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் ஆகியோரின் ஆய்வு காட்டியது. 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் முதல் கணக்குப்படி 15 சொற்களும் இரண்டாம் கணக்குப்படி 6 சொற்களும் தெரியாதவை. ஐந்தில் ஒரு சொல் தெரியாத உரையை, அதே ஆய்வில், ஒருவர்கூடப் போதுமான அளவு புரிந்துகொள்ளவில்லை. அப்படிப்பட்ட மாணவரிடம் 'இது காரண-விளைவு அமைப்பு' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவது, கூரையில்லாத வீட்டுக்கு வாசற்கோலம் போடுவதைப் போன்றது. ஆகவே எந்த வகுப்பு என்று கேட்பதைவிட எந்த உரை என்று கேளுங்கள். வகுப்பின் பாடநூலைவிட இரண்டு படி எளிய உரையில் அமைப்பைக் கற்பியுங்கள். ஆறாம் வகுப்பிலும் முடியும்.

செய்முறையில் நான் முதலில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்த தாள்களைக் கொடுத்து, காரணத்தை இங்கே எழுது, விளைவை அங்கே எழுது என்று சில ஆண்டுகள் பாடம் நடத்தினேன். மாணவர்கள் 'ஏனெனில்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்னால் இருந்ததை அப்படியே கட்டத்துக்குள் நகலெடுத்தார்கள். தாள் நிரம்பியது, தலை நிரம்பவில்லை. அதன்பிறகு ஒரு கட்டுரையைப் பத்திபத்தியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லி, எதற்காக இந்தப் பத்தி அதற்கு முன்னால் வர வேண்டும் என்று தமிழிலேயே வாதாட விட்டேன். சண்டை மூண்டது, படிப்பும் நடந்தது. இன்னொன்று: இணைப்புச் சொற்களையெல்லாம் நீக்கிவிட்டு, எந்த இடத்தில் எது வரும் என்று கேட்பது. உறவு புரிந்தவருக்குத்தான் அந்தச் சொல் கிடைக்கும். படித்ததைச் சொல்லச் சொல்லும்போது தாய்மொழியில் சொல்ல விடுங்கள்; அயல்மொழியில் எழுதச் சொன்னால், புரியவில்லையா, எழுதத் தெரியவில்லையா என்பதை உங்களால் பிரித்தறிய முடியாது.

கேள்வி: உரையின் அமைப்பைப் பற்றி நம் இலக்கணங்கள் ஏதேனும் சொல்லியிருக்கின்றனவா?
– தமிழ் முதுகலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: சொல்லியிருக்கின்றன, எழுதுபவரின் பக்கத்திலிருந்து. நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய உத்திகளாக 32 எண்ணிக்கை தருகிறது. நுதலிப் புகுதல், ஓத்துமுறை வைப்பு, தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், முடித்துக் காட்டல் என்று அது தொடங்குவதைப் பாருங்கள். சொல்லப்போவதை அறிவித்தல், மொத்தமாகக் காட்டல், பிரித்து விளக்கல் என்று இன்று எழுத்துப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருபவை அங்கே இருக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியலிலும் இத்தகைய 32 உத்திகள் உண்டு. அயல்மொழி வாசகரை மனத்தில் வைத்து அவை சொல்லப்பட்டவை என்று நான் இழுத்துப் பொருள் கொள்ள மாட்டேன். ஆனால் ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, இங்கே தொகுக்கிறார், இங்கே வகுக்கிறார் என்று இந்தப் பெயர்களாலேயே குறித்துப் பார்த்தால், பிறமொழிக் கலைச்சொற்களின் தயவு தேவைப்படாது.

கேள்வி: ஒரு செய்தியைத் தமிழில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படிப்பது ஏமாற்று வேலையா?
– வாசகர் ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: தேர்வறையில் மட்டும் ஏமாற்று வேலை. வீட்டில் மிக நல்ல பழக்கம். செய்தி முன்பே தெரிந்துவிடுவதால், அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கக் கவனம் மிஞ்சுகிறது. நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் தலைகீழ்க் கூம்பு போல அமைந்திருக்கும்: முக்கியமானது முதல் இரண்டு பத்திகளில், பின்னணி கடைசியில். ஆகவே நடுவில் புரியாமல் போனால் அங்கேயே நின்று அகராதியோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் இரண்டு பத்திகளுக்குத் திரும்புங்கள். இதழின் நடுப்பக்கக் கட்டுரைக்கு இந்த யோசனை பொருந்தாது, அங்கே கடைசிப் பத்தியைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும்.